ஜூபிலி ஹோட்டலின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம்

ஹில்டா ரௌஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கூராபினுக்கு வந்தது 1909இல், ஜூபிலி ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலைக்கு. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது, ஹோட்டலுக்குப் பன்னிரண்டு. விக்டோரியா ராணி அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டில் கட்டியதால் அதற்கு அந்தப் பெயர். மரச் சட்டம், தகரச் சுவர், மேலே பதினான்கு அறைகள், கீழே மது அறையும் சாப்பாட்டுக் கூடமும். பாறையில் தங்கம் தெரிந்த ஆண்டுகளில் ஒரு கட்டிலை இரண்டு ஷிஃப்ட்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தெரியாத ஆண்டுகளில் மாடி அறைகளில் செம்மண் தூசு தங்கியது. எப்படியிருந்தாலும் ஞாயிறுதோறும் பதினான்கு கட்டில்களுக்கும் ஹில்டா விரிப்பு மாற்றினார். வழிப்போக்கன் வந்தால் படுக்கையும் சாப்பாடும் தர வேண்டும் என்பது ஹோட்டல் உரிமத்தின் நிபந்தனை. வழிப்போக்கனே வராத வாரத்துக்கும் அந்த நிபந்தனை உண்டு என்று அவர் நினைத்தார்.

எங்கள் ஊரில் கோர்ட்டுக்கென்று கட்டடம் கிடையாது. எல்லாம் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேஜையில்தான். பல் பிடுங்குபவர் வந்தாலும் அங்கேதான், தேர்தல் நடந்தாலும் அங்கேதான். சுரங்கத்தில் இறந்தவனைக் கிடத்தி விசாரணை நடத்தியதும் அதே மேஜையில். மறுநாள் அதைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துவிட்டு ஆட்டுக்கறி பரிமாறுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

ஹோட்டலின் முதலாளி டாம் ரௌஸை ஹில்டா மணந்தார். ஆறு ஆண்டுகளில் காய்ச்சல் டாமைக் கொண்டுபோனது. பிள்ளைகள் இல்லை. உரிமம் விதவையின் பெயருக்கு மாறியது. அந்த உரிமத் தாளைக் கண்ணாடி போட்டு மது அறையில் மாட்டிவைத்திருந்தார். வேறு சொத்தோ வீடோ உறவோ அவருக்கு இல்லை. கட்டடம் விற்றால் தகர விலைதான். தாள் இருக்கும்வரைதான் அது ஹோட்டல்.

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு ஒரே ஒரு விலக்கு, தூர வழிப்போக்கர்கள். ஐந்து மைலுக்கு அப்பாலிருந்து வருகிறவன் புத்தகத்தில் பெயரும் தொழிலும் ஊரும் எழுதிக் கையெழுத்திட்டால் அவனுக்கு ஊற்றலாம். ஹோட்டலின் முன்கூடத்தில், மணிக்குப் பக்கத்தில், அந்தப் புத்தகம் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூராபின் ஆண்கள் அத்தனை பேரும் வழிப்போக்கர்கள் ஆனார்கள். ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் நானும்தான். ஹோட்டல் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு பெர்த்திலிருந்து வந்த துணி வியாபாரி என்று எழுதுவேன்.

"எங்கேர்ந்து வர்றே ஆர்ச்சி?" என்று ஹில்டா கேட்பார். ஆர்ச்சி டோபின் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுப்பவன். அவன் வீட்டுப் புகைபோக்கி ஹோட்டல் ஜன்னலிலிருந்து தெரியும்.

"ஜெருசலேம்லேர்ந்து, மிஸஸ் ரௌஸ். ஒட்டகம் வழியிலே படுத்துடுச்சு. அதான் லேட்டு."

"போன வாரம் சிட்னின்னே."

"அங்கே வாடகை ஜாஸ்தி. மாறிட்டேன்."

"எழுது. புரியற மாதிரி எழுது. போன வாரம் நீ எழுதினது கோழி கிளறின மாதிரி இருந்துச்சு."

போலீஸ்காரர் மல்காஹி சைக்கிளில் வருவார். மூலையில் திரும்பும்போதே மணி அடிப்பார். ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, களைத்துப்போன வழிப்போக்கர்களைப்போல நாற்காலியில் சாய்வார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டுவார்.

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி போலிருக்கே."

"ரோடு நல்லாயிருக்கு ஐயா" என்பான் ஆர்ச்சி. மல்காஹியும் ஒரு கிளாஸ் குடிப்பார். அவருக்குக் கையெழுத்து தேவையில்லை.

எல்லோரும் வாரம் ஒரு ஊர் எழுதினோம். ஒருவர் மட்டும் மாற்றவே மாட்டார். சுரங்கத் தொழிலாளி கிளெம் பென்ரோஸ் பேசும்போதுகூடச் சொற்களை எண்ணி எடுப்பவர்போலப் பேசுவார். மதுவை விலக்கும் மெத்தடிஸ்ட் கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்காருபவர். அவர் மனைவி ஐவி மதுவின் வாசம் வந்தாலே தெருவின் மறுபுறம் போய்விடுவார். கோயில் முடிந்ததும் முயல் கண்ணி பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கிளெம் பின்வேலி வழியாக ஹோட்டலுக்கு வருவார். தொப்பியைக் கழற்றுவார். அழகான, சாய்வில்லாத எழுத்தில் எழுதுவார்: கிளெமென்ட் பென்ரோஸ், விறகு வெட்டுபவர், இருபத்திரண்டாவது மைல் முகாம். ஒரு கிளாஸ் குடிப்பார், அபூர்வமாக இரண்டு.

"ஒரு தடவையாவது வேற ஊரு எழுதேன் கிளெம்" என்று நான் கேட்டேன்.

"ஒரு பொய்யோட போகட்டும். எதுக்கு நிறைய?" என்றார்.

அப்போது எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை. எங்கள் பொய்கள் பொய்யென்று தாமே சொல்லிக்கொண்டு திரிந்தன. ஜெருசலேமை யார் நம்புவார்கள்? ஒழுங்கான மனிதர் பொய்யையும் ஒழுங்காகச் சொன்னதால், அது மட்டும் உண்மையின் முகத்தோடு அந்தப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

1936இல் கிளெமுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் சுரங்கத் தூசுதான். எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. சில ஆண்டுகள் முன்பு தூசு பிடித்தவர்களுக்கென்று ஒரு பென்ஷன் வந்திருந்தது. மாவட்டத்தில் ஐந்து ஆண்டு இடைவிடாமல் நிலத்துக்கடியில் வேலை செய்திருக்க வேண்டும். அந்த ஆள் போனாலும் மனைவிக்கு அது தொடரும். கிளெம் 1928இல் தரைமேல் வேலைக்கு மாறியிருந்தார்; அதற்கு முந்தின ஐந்தில் இரண்டு ஆண்டுகளுக்குத் தாள் இல்லை. 1926, 27இல் கம்பெனி சுரங்கத்தைக் கைவிட்டுப் போயிருந்தது. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பங்குக்கு வெட்டிய காலம் அது. வருகைப் பதிவெல்லாம் கிடையாது. கிளெமோடு வெட்டிய இருவரும் அதே தூசில் போய்விட்டார்கள்.

கிளெமால் ரயில் ஏற முடியாதென்பதால் மே மாதம் விசாரணைக் குழு எங்கள் ஊருக்கே வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. பென்ஷன் நிதியின் வக்கீல் ஒரு நாள் முன்னதாகவே வந்து ஜூபிலியில் தங்கினார். அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை. களைப்பாக இருந்தது, ஒரு கிளாஸ் கேட்டார். ஹில்டா புத்தகத்தைக் காட்டினார். அந்தப் புத்தகத்தில் பல ஆண்டுகளில் கையெழுத்திட்ட உண்மையான வழிப்போக்கர் அநேகமாக அவர் ஒருவர்தான். பானம் வரும்வரை சும்மா பக்கங்களைப் புரட்டினார். பிறகு, பழைய புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன. சட்டம் வைத்திருக்கச் சொன்னதால், மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தார் ஹில்டா.

மறுநாள் கிளெமுக்காகச் சாட்சி சொல்ல ஆர்ச்சி முன்வந்தான்.

"அந்த ரெண்டு வருஷமும் கிளெம் இங்கேதான் ஐயா இருந்தாரு. தினம் பார்ப்பேன்."

வக்கீல் ஒரு புத்தகத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். "இது உங்க கையெழுத்தா மிஸ்டர் டோபின்?"

"ஆமாங்க."

"ஏப்ரல் நாலு, 1926. நீங்க ஜெருசலேம்லேர்ந்து வந்திருக்கீங்க."

ஆர்ச்சி தொப்பியைத் திருகினான். "அன்னைக்கு ஈஸ்டர் ஐயா."

கூடம் சிரித்தது. குழுத் தலைவரும் சிரித்தார். கிளெம்கூடச் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கும்வரை வக்கீல் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒரு கிளாஸ் பீருக்காகப் பொய் எழுதினவர், கூட்டாளிக்காகப் பொய் சொல்ல மாட்டாருன்னு நாங்க எப்படி நம்பறது?"

ஆர்ச்சி போய் உட்கார்ந்தான். சாட்சி சொல்லவென்று வந்திருந்த இன்னும் ஐந்தாறு பேர் சுவரோரம் நின்றார்கள். அவர்களில் நானும் ஒருவன். பொய் முகவரி கொடுத்துக் குடித்தவனுக்கு அபராதம் உண்டு. ரயில்வே ஊழியனுக்கு வேலையும் போகலாம். யாரும் நகரவில்லை.

தலைவர் ஹில்டாவை அழைத்தார். "இந்தப் புத்தகத்துல இருக்கறது உண்மையா மிஸஸ் ரௌஸ்?"

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பொய் என்று அவர் சொன்னால், இத்தனை ஆண்டும் தெரிந்தே ஊர்க்காரர்களுக்கு ஊற்றியதாக ஆகும். கண்ணாடிக்குள் இருக்கும் தாள் போய்விடும்.

"வர்றவங்க எழுதறாங்க ஐயா. எழுத வெச்ச பிறகுதான் ஊத்தறேன். சட்டம் அவ்வளவுதான் கேக்குது."

"பென்ரோஸ் எழுதினது?"

ஹில்டா கிளெமைப் பார்க்கவில்லை. "அவர் ஒரு தடவைகூட மாத்தி எழுதினதில்லை."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் விறகு முகாமில் இருந்தவர் என்று எழுதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். பின் வரிசையில் ஐவி உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல்முறை. முயல் கண்ணிகளைப் பற்றியும் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கிளெம் ஹோட்டலின் பின்தாழ்வாரத்துக்கு வந்தார். வேலி முதல் படி வரை வர ஐந்து இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நான் அங்கே ஹில்டாவுக்கு வந்த ஒரு தந்தியோடு நின்றிருந்தேன்.

"உக்காரு கிளெம்."

"நீங்க சொன்னது சரிதான் மிஸஸ். நீங்க வேற என்ன சொல்ல முடியும்?"

"என்னைத் திட்டணும்னு வந்திருந்தா திட்டிட்டுப் போ. இப்படிப் பேசாதே."

"திட்ட மூச்சு எங்கே இருக்கு?" சிரித்தார். "எழுதினது நான்தானே. நீங்களா எழுதினீங்க?"

"ஐவி?"

"பேசலை. முயல் பை ஆணியிலே தொங்குது. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா."

ஆகஸ்டில் கிளெம் இறந்தார். அடக்கம் முடிந்து நாங்கள் நேராக மது அறைக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு சுற்று வாங்கி, வக்கீலைத் திட்டினோம், குழுவைத் திட்டினோம், சட்டத்தையும் விடவில்லை. ஹில்டா ஊற்றிக்கொண்டே இருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம். அவரைத் திட்டினால் அடுத்து எங்களைத் திட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐவி முன்வாசல் வழியாக வந்தார். கறுப்பு உடை, கையுறை. மது அறையிலிருந்து நாங்கள் எட்டிப்பார்த்தோம்.

"அவரு கையெழுத்து இருக்கற புத்தகத்தைப் பாக்கணும்."

ஹில்டா 1926ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து நீள மேஜையில் வைத்தார். ஐவி நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். கையுறையைக் கழற்றவில்லை.

"எவ்வளவு குடிப்பாரு?"

"ஒண்ணு. அதையும் ரொம்ப நேரம் வெச்சிருப்பாரு."

"எங்கே உக்காருவாரு?"

ஹில்டா ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். ஐவி அதை வெகுநேரம் பார்த்தார்.

"மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்காம். அதுக்காக உங்ககிட்டே வரலை. உங்க பொழைப்பு உங்களுக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்." விரலை அந்த வரியில் வைத்தார். "இது நெசமா?"

"எது?"

"இருபத்திரண்டாவது மைல். முயலுன்னு சொன்னாரு, அது பொய்யின்னு ஆச்சு. வக்கீல் அவ்வளவு தெளிவா படிச்சாரு. ஞாயித்துக்கிழமை அங்கே யாராவது இருந்தாங்களா? வேற வீடு, வேற யாராவது? எனக்கு எதை நம்பறதுன்னே தெரியலைம்மா."

இருபத்தேழு ஆண்டுகள் கூட வாழ்ந்த பெண் இதைக் கேட்டார். பென்ஷன் போனதை நாங்கள் இழப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"அவர் இங்கேதான் இருந்தாரு" என்றார் ஹில்டா. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். அந்த நாற்காலியிலே."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்போ அன்னைக்கு ஏன் சொல்லலை?"

ஹில்டா புத்தகத்தை மூடினார். ஐவி பதிலுக்காக நிற்கவில்லை.

அக்டோபரில் கல்கூர்லி நகரில் ஐவியின் மேல்முறையீடு வந்தது. அதற்கு முந்தின மாலை ஹில்டா மது அறையின் மணியை அடித்தார். கடை மூட மட்டுமே அடிக்கும் மணி. எல்லோரும் நிமிர்ந்தோம்.

"நாளைக்கு நான் கல்கூர்லிக்குப் போறேன். புத்தகம் பொய்யின்னு சொல்லப் போறேன். கூட யார் வர்றீங்க?"



"மிஸஸ், கொஞ்சம் யோசிங்க" என்றார் ஒருவர். "கிளெம் போயாச்சு. இப்போ போய்ச் சொன்னா மூடிட்டுப் போயிடுவாங்க. ஊருல ஒரே ஒரு மது அறை."

"ஐவிக்கு நாமளே ஏதாவது வசூல் பண்ணிடலாமே" என்றார் இன்னொருவர்.

"அவ வசூல் கேக்கலை. அவ புருஷன் எங்கே இருந்தான்னு கேட்டா. ஆர்ச்சி?"

ஆர்ச்சி கிளாஸின் அடியைப் பார்த்தான். "நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டேன் மிஸஸ். ஊரே சிரிச்சுது."

பிறகு ஹில்டா என்னைப் பார்த்தார். எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்றேன். உண்மையிலேயே இருந்தது.

மறுநாள் அவருக்குச் சீட்டுக் கொடுத்தது நான்தான். புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியை வண்டியில் ஏற்றியதும் நான்தான். "கனமா இருக்கு" என்றேன். "பாதி உன் கையெழுத்து" என்றார்.

அங்கே நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார், நாளிதழிலும் நாலு வரி வந்தது. மூவர் அமர்வு. புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த முப்பத்தொரு வழிப்போக்கர்களின் பெயரையும் படித்து, ஒவ்வொருவர் வீடும் ஹோட்டலிலிருந்து எத்தனை அடி என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அபராதங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் படித்திருக்கிறார். அவருடைய உரிமத்துக்கு அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை. இதன் விளைவு தெரியுமா என்று நீதிபதி கேட்டாராம். "ரொம்ப நல்லாத் தெரியும் ஐயா. அதனாலதான் மே மாசம் சொல்லலை" என்றாராம்.

ஹில்டாவைத் துணிச்சல்காரர் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் தயக்கம் உண்டு. சொல்ல வேண்டிய நாளில் கிளெம் எதிரே உட்கார்ந்திருந்தார், அன்று சொல்லவில்லை. சொன்னபோது கேட்க அவர் இல்லை. அந்த மூன்று மாதங்களை எதுவும் சரிசெய்யாது. ஹில்டாவும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பேச வேண்டிய நாற்பது பேரில், இழப்பதற்கு அதிகம் இருந்தவர் மட்டும் பேசினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐவிக்குப் பென்ஷன் கிடைத்தது. உரிம நீதிமன்றம் டிசம்பர் முடிவோடு ஜூபிலியை மூடச் சொன்னது. செய்தி வந்ததும் ஊர் ஐவிக்காக வருந்துவதை விட்டுவிட்டு ஹில்டாவைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு ஆளுக்குப் பென்ஷன், முந்நூறு பேருக்குத் தாகம். நல்ல கணக்கு மிஸஸ்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

"தாகமா இருந்தா தண்ணி குடி. குழாயிலே வருது" என்றார் ஹில்டா.

கோயில் பெண்கள் ஹோட்டல் மூடுவதற்காக நன்றி வழிபாடு நடத்தினார்கள். ஐவி அதற்குப் போகவில்லை. ஹில்டாவிடமும் வரவில்லை. தன் வீட்டுப் பின்னறை காலியாக இருப்பதாக ஆர்ச்சியின் மனைவி மூலம் சொல்லியனுப்பினார். ஹில்டா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தனி ஆட்களுக்கான சுரங்க உணவுக்கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தார். கட்டடத்தை வாங்கியவர் பலகை பலகையாகப் பிரித்து, தெற்கே புதிதாகத் தங்கம் கண்ட ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். பதினான்கு கட்டில்களும் அதில் சேர்த்தி.

ஆண்டின் கடைசி ஞாயிறு வந்தது. நிழலிலேயே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. ஒருவரும் வரவில்லை. சிலருக்குக் கோபம், சிலருக்குப் பயம். நான் மூன்று மணி வாக்கில் போனேன். முன்கூடம் தேய்த்துத் துடைத்திருந்தது. புத்தகம் எப்போதும்போல மணிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார். என்னை எப்போதும் நீ என்பவர், அன்று பன்மையில் பேசினார்.

பேனாவை எடுத்து எழுதினேன். என் பெயர், தந்தி எழுத்தர், கூராபின் ரயில்வே குடியிருப்பு, இருநூறு அடி. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான். மே மாதம் சுவரோரம் நின்றபோது சொல்லியிருக்க வேண்டியது, ஏழு மாதம் பிந்தி வந்திருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"அப்போ உங்களுக்கு ஊத்த முடியாதே" என்றார்.

"தெரியும்."

"சட்டம். இன்னும் நாலு நாள் நான்தான் உரிமதாரர்."

"தெரியும் மிஸஸ் ரௌஸ்."

உள்ளே போய் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். கிளாஸை வாங்கிக்கொண்டு மாடியேறினார். அன்று ஞாயிறு என்பதால் பதினான்கு கட்டில்களுக்கும் விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது.